வானத்தின் பிள்ளை மாடி ஏறக்கூடாதாம்!

சீன தேசத்தை கி.பி. 168 முதல் 189 வரையில் லிங் என்று ஒரு சக்கரவர்த்தி ஆண்டான். பட்டத்துக்கு வந்தபோது பத்துப் பன்னிரண்டு வயதுப் பையன். தலைநகரமாகிய லுவோயாங்கில் ஓர் உயர்ந்த மாடத்தின்மேல் ஏறி நின்று ஊரைப் பார்ப்பதில் அவனுக்கு ஆசை. அந்தப்புரத்தில் ஊழியஞ் செய்வதற்காக விதையடிக்கப்பட்ட ஆட்களுக்கு அண்ணகர் என்று பெயர். அந்த அண்ணகர்கள்தான் அக்காலத்தில் அரண்மனையின் உண்மையான எஜமானர்கள். அவர்கள் அரண்மனைக்குச் சமானமாகத் தங்களுக்கு மாளிகைகள் கட்டிக்கொண்டிருந்தார்கள். ராஜா மேலே ஏறினால் அவை கண்ணில் பட்டுவிடுமே என்று பயம் வந்துவிட்டது. அதற்காக மாளிகையை இடிப்பார்களா? ஓர் ஆளை விட்டுச் சாஸ்திரம் சொல்லச் சொன்னார்கள். வானத்தின் பிள்ளையானவர் உயரமான இடத்தில் ஏறலாகாது, ஏறினால் ஜனங்கள் சிதறிப்போவார்கள் என்று அவன் சொன்னான். அவ்வளவுதான். அதன் பிறகு அந்தச் சக்கரவர்த்தி மாடிப்பக்கமே போகவில்லை என்று அவ்வமிசத்தின் சரித்திர நூலே கூறுகிறது.

சரி, அவன் மாடி ஏறாததால் ஜனங்கள் சிதறாமல் இருந்தார்களா? அவன் செத்த மறு வருஷமே தலைநகரம் கொளுத்தப்பட்டது. ஊர் ஜனங்கள் ஆடுமாடுகளைப்போல் மேற்கே ஓட்டப்பட்டார்கள். ஏறக்குறைய முப்பது வருஷத்தில், முன்னும் பின்னுமாக நானூறு வருஷம் ஆண்ட ஹான் வமிசம் பூண்டற்றுப் போயிற்று. அது அழிந்ததற்குச் சரித்திரக்காரர்கள் பல காரணங்கள் சொல்லுவார்கள். பெரிய மிராசுதார்கள் நிலத்தை விழுங்கினது, எல்லைச் சண்டைச் செலவு, பால் மணம் மாறாத குழந்தைகளுக்குப் பட்டங் கட்டினது, அண்ணகர்களின் கொள்ளை, தொத்து நோய் என்று அடுக்குவார்கள். எல்லாம் வாஸ்தவமே. ஆனால் இவ்வளவும் கண்ணெதிரே நடந்துகொண்டிருக்க, அவற்றைப் பார்க்கவொட்டாமல் நூறு வருஷத்துக்கு மேல் ஒரு திரை தொங்கிற்றே, அந்தத் திரையைப் பற்றித்தான் நாம் இங்கு எழுத வந்தோம்.

அத்திரைக்கு "வானத்தின் கட்டளை" என்று பெயர். கி.மு. 11-வது நூற்றாண்டில் ஷாங் வமிசத்தைக் கவிழ்த்த ஜோ வமிசத்தார் தங்கள் செய்கைக்கு நியாயமாகச் சொல்லிக்கொண்ட தத்துவம் இது. அதாவது வானமே ஒரு குலத்தை ராஜாவாக நியமிக்கிறதாம். அது கெட்டு நடந்தால் வானமே கட்டளையை வாங்கி வேறு குலத்துக்குக் கொடுத்துவிடுமாம். ஹான் காலத்தில், கி.மு. 2-வது நூற்றாண்டில், டோங் ஜோங்ஷு என்ற பண்டிதர் இதன்மேல் இன்னொரு மாடி கட்டினார். கிரகணம், பூகம்பம், வெள்ளம், விட்டில் எல்லாம் வானம் ராஜாவுக்கு விடும் எச்சரிக்கை என்றார்.

இதைக் கேட்டவுடன் சில படித்தவர்கள், "அடங்காத ராஜாவுக்கு அது ஒரு கடிவாளமல்லவா? பட்டாளமில்லாத பண்டிதன் ராஜாவைக் கண்டிக்க வேறென்ன வழி?" என்று கேட்பார்கள். கேள்வி நியாயமான கேள்விதான். நாமும் அதை அலட்சியமாகத் தள்ளவில்லை. அந்தக் கடிவாளம் யார் வாயில் மாட்டப்பட்டது, யார் கையில் இருந்தது என்பதை மட்டும் கணக்குப் பார்ப்போம்.

முதலில் வாங் மாங் என்பவனை எடுத்துக்கொள்ளுவோம். இவன் ராஜ குடும்பத்துக்குப் பெண் கொடுத்த வகையில் அதிகாரத்துக்கு வந்தவன். கி.பி. 6-ல் ஒரு கிணற்றைத் தூர் வாரும்போது ஒரு வெள்ளைக் கல் அகப்பட்டதாம். அதில் சிவப்பெழுத்தில் வாங் மாங் சக்கரவர்த்தியாக வேண்டும் என்று எழுதியிருந்ததாம்! பிறகு ஆய் ஜாங் என்றொரு பேர்வழி ஒரு செப்புப் பெட்டியைக் கொண்டு வந்தான். வாங் மாங்குக்குப் பட்டம் என்பதோடு, இன்னின்னார் மந்திரிகள் என்ற ஜாபிதாவும் அந்த வானத்துப் பெட்டியிலேயே இருந்தது. ஆய் ஜாங்கின் பெயரும் ஜாபிதாவில் இருந்தது என்பதைச் சொல்லவும் வேண்டுமா? அத்தோடு நல்ல சகுனமான இரண்டு பெயர்களையும் அவன் கற்பனையாகச் சேர்த்திருந்தான். வானம் சொன்னதைத் தட்டலாமா? அப்பெயருள்ளவர்களை ஊரெல்லாம் தேடிப் பிடித்து, அவர்களில் ஒரு கோட்டை வாசல் குமாஸ்தாவையும் ரொட்டி சுட்டு விற்றவன் ஒருவனையும் பொறுக்கித் தளபதிகளாக்கினார்கள். ரொட்டி விற்றவன் தளபதியானதில் நமக்கு ஆட்சேபமில்லை. தகுதி பார்த்து ஆக்கியிருந்தால் கொண்டாடியுமிருப்போம்.

கி.பி. 9-ல் பட்டமேறிய இதே வாங் மாங்கின்மேல் கி.பி. 23-ல் கலகக்காரர்கள் படையெடுத்து வந்தபோது என்ன செய்தான்? உத்தியோகஸ்தர்களைக் கூட்டிக்கொண்டு ஊருக்குத் தெற்கே போய் வானத்தைப் பார்த்து ஓவென்று அழுதான். ஜனங்களும் வந்து அழ ஏற்பாடாயிற்று. அழுகிறவர்களுக்குக் கஞ்சி ஊற்றப்பட்டது. உருக்கமாக அழுதவர்களுக்கு உத்தியோகமும் கிடைத்தது. இப்படி அழுதே உத்தியோகம் வாங்கினவர்கள் 5,000 பேருக்கு மேல் என்று கணக்கு எழுதி வைத்திருக்கிறார்கள். வானம் மாத்திரம் வாய் திறக்கவில்லை. வாங் மாங்கின் தலை போயிற்று.

இதைக் கண்ணால் பார்த்தவன்தான் கி.பி. 25-ல் ஹான் வமிசத்தை மறுபடியும் நிறுத்திய குவாங் வூ சக்கரவர்த்தி. அவனுக்காவது புத்தி வந்ததா? அவனும் தன் பட்டத்துக்கு ஆரூட ஏடுகளையே ஆதாரங் காட்டி, கி.பி. 56-ல் அவற்றை நாடெங்கும் பிரசித்தப்படுத்தினான். வானத்தைப் பார்க்கும் கூடம் ஒன்றை எங்கே கட்டுவது என்பதற்குக்கூட ஆரூடம் பார்க்க வேண்டும் என்றான். ஹுவான் டான் என்ற பெரியவரிடம் அபிப்பிராயம் கேட்டபோது, "நான் ஆரூட ஏடுகளைப் படிப்பதில்லை" என்று அவர் சொல்லிவிட்டார். ராஜாவுக்கு ஆத்திரம் பொங்கி, தலையை வெட்டச் சொன்னான். எழுபது வயதைத் தாண்டிய அந்தக் கிழவர் நெற்றியில் ரத்தம் வரும்படி தரையில் முட்டி மன்னிப்புக் கேட்ட பிறகே உயிர் பிழைத்தார். தூர தேசத்தில் ஒரு சின்ன உத்தியோகத்துக்குத் துரத்தப்பட்டு வழியிலேயே செத்தார். ஒரு வமிசத்தின் வீழ்ச்சி அதன் கடைசி ராஜாக்களிடத்தில் ஆரம்பிப்பதாக எழுதுவது சரித்திரக்காரர்களின் வழக்கம். நம்மைக் கேட்டால் ஹான் வமிசத்தின் வீழ்ச்சி அந்தக் கிழவரின் நெற்றி ரத்தத்திலேயே ஆரம்பித்துவிட்டது என்போம்.

அந்தக் காலத்தில் வேறுவிதமாக யோசித்தவர்கள் இல்லாமலில்லை. கி.பி. 27-ல் பிறந்த வாங் சுங் என்பவர் ஏழை. புத்தகம் வாங்கக் காசில்லாமல், லுவோயாங் கடைவீதியில் விற்பனைக்கு வைத்திருந்த புத்தகங்களை நின்றபடியே படித்து மனப்பாடஞ் செய்தவர். சில்லறை உத்தியோகங்கள் பார்த்து, மேலதிகாரிகளோடு ஒத்துப்போகாமல் வீட்டுக்கு வந்து, 85 அத்தியாயங்கள் கொண்ட ஒரு பெரிய நூலை எழுதினார். அதற்கு 'லுன் ஹெங்' என்று பெயர். வாதங்களை நிறுக்கும் தராசு என்று கொள்ளலாம். அதில் அவர் சொல்லுவதைக் கேளுங்கள். சூரிய கிரகணம் சுமார் 41, 42 மாதத்துக்கொரு முறையும் சந்திர கிரகணம் 180 நாளைக்கொரு முறையும் வருகிறது. அதற்கு ஒரு காலக்கிரமம் இருக்கிறது. ராஜா நல்லவனா கெட்டவனா என்பதைப் பார்த்து அது வருவதில்லை என்கிறார். இடி விழுந்து செத்தவன் உடம்பில் தீய்ந்த தழும்பும் கருகிய நாற்றமும் இருக்கின்றன, ஆகவே இடி என்பது நெருப்பு, வானத்தின் கோபமல்ல என்கிறார். செத்தவர்களெல்லாம் பேயாகிறதானால் ஆதிகாலந்தொட்டுச் செத்தவர்களின் கூட்டத்தில் தெருவில் ஓரடி எடுத்து வைக்க முடியுமா என்கிறார். மனிதனுக்கு ஆவி உண்டென்றே வைத்துக்கொண்டாலும் அவன் கட்டியிருந்த துணிக்கும் ஆவி உண்டா, பேயைப் பார்த்தவர்கள் அது உடையோடு வந்ததாகச் சொல்லுகிறார்களே, அம்மணமாகவல்லவா வந்திருக்க வேண்டும் என்று கேட்கிறார். ஏறக்குறைய 1,900 வருஷத்துக்கு முன் கேட்ட கேள்வி! விதி என்ற ஒன்றை மட்டும் அவர் கடைசிவரை நம்பினார். அதை நாம் ஒப்புக்கொள்ள முடியாது. ஆனாலும் அவர் கிழித்த அளவுக்கு அந்தத் திரையை அக்காலத்தில் வேறொருவர் கிழித்ததாக நமக்குத் தெரியவில்லை.

அரசாங்கம் கேட்டதா? கேட்கவில்லை. கி.பி. 106-ல் பிறந்து நூறு நாளான ஒரு சிசுவுக்குப் பட்டங் கட்டினார்கள். அது அந்த வருஷமே செத்தது. அடுத்து, கி.பி. 107-ல், நாட்டில் வெள்ளமும் கலகமும் வந்ததற்காக சூ ஃபாங் என்ற தலைமைத் தளபதியை உத்தியோகத்தை விட்டு நீக்கினார்கள். இயற்கை உற்பாதங்களுக்காக முதன் மந்திரிகளை வீட்டுக்கனுப்பும் வழக்கம் இவரிலிருந்துதான் ஆரம்பம் என்று சரித்திரம் குறிக்கிறது. அது முதல் கிரகணம் பிடித்தால் ஒரு மந்திரி போனான். பூமி அதிர்ந்தால் ஒரு மந்திரி போனான். ராஜாவின் தாயாரும், தாயாரின் அண்ணன் தம்பிகளும், அவர்களின் அடப்பக்காரர்களும் இருந்த இடத்திலேயே இருந்தார்கள்! மேற்கெல்லையில் சியாங் என்ற மக்களோடு 107 முதல் 118 வரை நடந்த சண்டைக்கு மாத்திரம் 2,400 கோடி செப்புக் காசு கரைந்தது. அதற்கு எந்தக் கிரகணம் காரணம்?

132-ல் ஜாங் ஹெங் என்ற அறிவாளி, தூரத்தில் பூமி அதிர்ந்தால் இங்கிருந்தே திசையைக் காட்டும் ஒரு கருவியைச் செய்து கொடுத்தார். ஆரூட ஏடுகள் பிற்காலத்துப் புளுகு, அவற்றைத் தடுக்க வேண்டும் என்று மனுவும் கொடுத்தார். ஆனால் அவரே, பூமி அதிர்ந்தபோது அது ஆட்சிக்கு எச்சரிக்கை என்று எழுதவும் செய்தார். அவ்வளவு கெட்டியான திரை அது.

கடிவாளம் என்றார்களே, அதற்கு வருவோம். 144-ல் ராஜாவின் தாயார் ஸ்தானத்திலிருந்த லியாங் அம்மாளின் அண்ணனாகிய லியாங் ஜி என்பவன்தான் சேனாதிபதி. அவன் வைத்ததே சட்டம். 146-ல் எட்டு வயது ராஜா ஒருவன், சபையில் இவனைப் பார்த்து முரட்டுச் சேனாதிபதி என்று சொல்லிவிட்டான். பிள்ளைக்குப் பலகாரத்தில் விஷம் வைத்துக் கொன்றான். 158-ல் சூரிய கிரகணம் வந்தது. சென் ஷோ என்ற அரண்மனை ஜோதிட அதிகாரி, இந்தக் கிரகணத்துக்குக் குற்றவாளி சேனாதிபதியே என்று தெரியப்படுத்தினார். கடிவாளம் இழுபட்டது, பார்த்தீர்களா? லியாங் ஜி அவரைப் பிடித்துச் சிறையில் போட்டான். அங்கேயே அவர் செத்தார். பலமில்லாதவனைக் கடிக்கவும், பலமுள்ளவனைக் கண்டால் வாலையாட்டவும் பழகிய சாஸ்திரத்தைக் கடிவாளம் என்று எப்படிச் சொல்லுவது?

மறு வருஷம் லியாங் ஜி ஒழிந்தான். வானத்தால் ஒழியவில்லை. ராஜா கக்கூசுக்குப் போன இடத்தில் ஓர் அண்ணகனைத் தனியே பிடித்து யோசனை கேட்டு, அவர்கள் ஐந்து பேரைச் சேர்த்துக்கொண்டு வீட்டைச் சுற்றி வளைத்ததனால் ஒழிந்தான். அவன் சொத்தை விற்றதில் 300 கோடி காசுக்கு மேல் வந்து, நாட்டின் வரியில் அந்த வருஷம் பாதியைத் தள்ளிவிட முடிந்தது. ஒரு மனிதன் வீட்டில் அவ்வளவு இருந்தால் குடியானவன் வீட்டில் என்ன இருந்திருக்கும்? அந்த ஐவருக்கும் ஒரே நாளில் பிரபு பட்டம் கிடைத்தது. நாடு மாமன் கையிலிருந்து அண்ணகன் கைக்கு மாறியது. அவர்களை எதிர்த்த படித்த கூட்டத்தார் 169-ல் நூறு பேருக்கு மேல் கொல்லப்பட்டார்கள்.

இனி நம் மாடி ராஜாவிடம் வருவோம். 178-ம் வருஷம் அரண்மனையில் ஒரு பெட்டைக் கோழி சேவலாக மாறியதாம். என்ன உற்பாதமோ என்று சாய் யோங் என்ற பண்டிதரை அழைத்து, அந்தரங்கமாக எழுதிக்கொடு, வெளியில் விடமாட்டோம் என்று ராஜா கேட்டான். அவரும் நம்பி, அரண்மனையில் இன்னின்னார் அக்கிரமந்தான் என்று பெயரோடு எழுதிக்கொடுத்தார். அந்தக் கடிதத்தை ராஜாவின் முதுகுக்குப் பின்னாலிருந்து ஓர் அண்ணகன் பார்த்துவிட்டான். சாய் யோங்குக்கு மரண தண்டனை விதித்து, பிறகு தலையை மொட்டையடித்து எல்லைக்குத் துரத்தினார்கள். கோழிக்கு ஒன்றும் நேர்ந்ததாகத் தெரியவில்லை.

அதே 178-ல் என்ன நடந்தது தெரியுமா? உத்தியோகங்களை ஏலம்போட ராஜாவே கடை திறந்தான். மாகாணத் தலைவர் நிலையிலுள்ள உத்தியோகம் 2 கோடி காசு. அதற்குக் கீழே 40 லட்சம். மிக உயர்ந்த மந்திரி பதவிகளை உள்ளுக்குள்ளாக 1 கோடிக்கும் 50 லட்சத்துக்கும் தள்ளினான். கையில் பணமில்லாதவனுக்குக் கடனுமுண்டு. உத்தியோகத்துக்குப் போன பிறகு இரட்டிப்பாகக் கட்டவேண்டும். யாரிடம் பிடுங்கிக் கட்டுவான்? சுவீ லியே என்ற பேர்பெற்ற பெரிய மனிதர் ஒருவர் ராஜாவை வளர்த்த தாதி மூலமாக 50 லட்சத்துக்கு ஒரு பெரிய மந்திரி பதவியை வாங்கினார். பதவியேற்பு நாளன்று, "இன்னும் கொஞ்சம் இறுக்கியிருந்தால் 1 கோடி தேறியிருக்குமே" என்று ராஜா வருத்தப்பட்டான். ஊர் என்ன பேசுகிறது என்று சுவீ லியே தம் மகனைக் கேட்டார். செப்புக் காசு நாற்றம் அடிக்கிறது என்கிறார்கள் என்றான் மகன். தகப்பனார் தடியை எடுத்துக்கொண்டு துரத்தினார்.

இது சிரிப்புக்கு. இன்னொன்று கேளுங்கள். 185-ல் தெற்கு அரண்மனை தீப்பிடித்து எரிந்ததும், திரும்பக் கட்ட ஒவ்வொரு சிறு அளவு நிலத்துக்கும் 10 காசு புது வரி போட்டார்கள். மாகாணங்களிலிருந்து வந்த மரத்தை அண்ணகர்கள் "தரமில்லை" என்று தள்ளி, பத்திலொரு பங்கு விலைக்கு வாங்கிக்கொண்டார்கள். மரம் மக்கிற்று, கட்டடம் எழும்பவில்லை. உத்தியோகம் கிடைத்த ஒவ்வொருவனும் இதற்குப் பணம் கட்டிவிட்டுத்தான் ஊர் போகலாம். அப்போது சிமா ஜி என்பவரை ஜூலு ஜில்லாவுக்குத் தலைவராகப் போட்டார்கள். யோக்கியர் என்று பெயரெடுத்தவராகையால் 30 லட்சம் தள்ளுபடி செய்தார்கள்! குடிகளுக்குத் தாய் தகப்பனாக இருக்கவேண்டியவன் அவர்களையே உரித்து இந்தக் காலத்தாரின் பசிக்குப் போடுவதா என்று அவர் மனம் நொந்து, உடம்பு சரியில்லை, வேண்டாம் என்று மன்றாடினார். விடவில்லை. ஆற்றுத்துறை வரையில் வந்து, அக்காலத்து அக்கிரமங்களையெல்லாம் ஒரு காகிதத்தில் எழுதிவைத்துவிட்டு விஷத்தைச் சாப்பிட்டுச் செத்தார். அதைப் பார்த்துத்தான் அந்தப் பண வசூல் கொஞ்ச நாளைக்காவது நின்றது. இவர் எழுதினதில் கோழியுமில்லை, கிரகணமுமில்லை. நடந்ததை எழுதினார், உயிரைக் கொடுத்து எழுதினார்.

அவர் போக மறுத்த ஜூலு எப்படிப்பட்ட ஊர் என்பதையும் சொல்லவேண்டும். மஞ்சள் தலைப்பாகைக்காரர் என்ற பெருங் கலகத்தின் தலைவனாகிய ஜாங் ஜுவே என்பவனின் சொந்த ஊர் அது. பஞ்சமும் கொள்ளைநோயும் வரியும் தாங்காத லட்சக்கணக்கான குடியானவர்கள் 184-ல் மஞ்சள் துணியைத் தலையில் கட்டிக்கொண்டு எட்டு மாகாணங்களில் எழுந்தார்கள். அவர்கள் எழுந்தது முற்றும் நியாயம் என்பது நம் அபிப்பிராயம். ஆனால் அவர்களை எழுப்பினது எது? ஜாங் ஜுவே மந்திரித்த தண்ணீரைக் கொடுத்து, பாபத்தை ஒப்புக்கொள்ளச் சொல்லி, வைத்தியம் பார்த்தவன். பிழைத்தவன் நம்பினவன், செத்தவன் நம்பாதவன் என்பது அக்கூட்டத்தின் கணக்கு. நீல வானம் செத்தது, இனி மஞ்சள் வானம் ஆளும் என்பதே அவர்கள் கோஷம். வயிறு சொன்ன நியாயத்தை அந்த ஏழைகள் வானத்தின் வாயால் சொல்லிக்கொண்டார்கள்! இத்தனை தலைமுறையாக அவர்களுக்கு வேறெந்தப் பாஷையை யார் கற்றுக்கொடுத்தார்கள்? மந்திரத் தண்ணீர் குடித்த ஜாங் ஜுவே அந்த வருஷமே நோயில் செத்தான். அரசாங்கப் படை கணக்கில்லாமல் வெட்டிக் குவித்தது. அரண்மனை அண்ணகர்களிலேயே சிலர் அவனோடு உளவாயிருந்தது வெளிப்பட்டும், அக்கூட்டத்தின் அதிகாரம் குறையவில்லை.

189-ல் மாடி ராஜா செத்தான். அண்ணகர்கள் சேனாதிபதியைக் கொன்றார்கள். யுவான் ஷாவ் என்ற தளபதி அண்ணகர்களை 2,000 பேருக்கு மேல் கொன்றான். தாடி முளைக்காத காரணத்தால் சம்பந்தமில்லாத சிலரும் வெட்டுப்பட்டார்கள். உள்ளே புகுந்த தோங் ஜுவோ என்ற எல்லைத் தளபதி, 190-ல் தலைநகரத்தைச் சாங்கானுக்கு மாற்றப் போகிறேன் என்றான். என்ன ஆதாரம்? ஆரூட ஏடு! அது பொய் ஏடு என்று யாங் பியாவ் என்ற மந்திரி எதிர்த்தார். உடனே அவரையும் அவரோடு சேர்ந்து எதிர்த்தவரையும் உத்தியோகத்திலிருந்து நீக்கினான். நாட்டில் உற்பாதங்கள் கண்டிருக்கின்றன என்பதே அதற்குச் சொன்ன காரணம்! ஏட்டைக் காட்டி ஊரைக் கொளுத்தினான். உற்பாதத்தைக் காட்டி வாயை அடைத்தான்.

இந்தச் சாய் யோங் நாடுகடத்தலுக்குப் பிறகு தெற்கே பன்னிரண்டு வருஷம் மறைந்திருந்தபோது வாங் சுங்கின் தராசு நூல் அவர் கைக்குக் கிடைத்ததென்றும், அவர் அதை ஒருவருக்கும் காட்டாமல் ஒளித்துவைத்துப் படித்துத் தம் பேச்சுக்கு மெருகேற்றிக்கொண்டார் என்றும் பின்னால் வந்த நூல்கள் சொல்லுகின்றன. அது நிஜமானால், மருந்தைப் பெட்டியில் பூட்டி வைத்துவிட்டு வைத்தியர் என்று பெயர் வாங்கினார் என்றுதான் நாம் சொல்லுவோம்.

157-ல் அரசாங்கக் குடிக்கணக்கில் 5 கோடி 64 லட்சம் பேர் இருந்தார்கள். 280-ல் எடுத்த கணக்கில் 1 கோடி 61 லட்சம் பேரே அகப்பட்டார்கள். மீதிப்பேர் எல்லாரும் செத்தார்கள் என்று அர்த்தமல்ல. பெரிய பண்ணைகளின் அடிமையாட்களாகிக் கணக்கிலிருந்தே மறைந்தவர்கள் ஏராளம்.

196-ல் கடைசிச் சக்கரவர்த்தியைச் சாவ் சாவ் என்ற தளபதி தன் பாதுகாப்பில் எடுத்துக்கொண்டான். 220-ல் அவன் மகன் சாவ் பி, அந்தப் பொம்மையைப் பட்டத்தை விட்டுக்கொடுக்கும்படி செய்தான். மஞ்சள் நாகம் கண்டதாகச் செய்தி வந்தது. ஆரூடக்காரர்கள் மூட்டை மூட்டையாக ஏடுகளைக் கொண்டுவந்து கொட்டினார்கள். சாவ் பி மூன்று தடவை வேண்டாம் வேண்டாம் என்று சொல்லிவிட்டு, நாலாந் தடவை பீடத்தின்மேல் ஏறினான். இறங்கி வந்ததும், பழைய காலத்து மகான்கள் ராஜ்யத்தை எப்படி வாங்கினார்கள் என்பது இப்போது எனக்குத் தெரிகிறது என்று சொன்னதாக ஒரு நூல் கூறுகிறது.

மறு வருஷம், 221-ல், சூரிய கிரகணம் பிடித்தது. அதிகாரிகள் வழக்கப்படி தலைமைத் தளபதியை நீக்கவேண்டும் என்று எழுதி வந்தார்கள். வானத்திலும் பூமியிலும் ஏதாவது நேர்ந்தால் இனிமேல் மந்திரிகள்மேல் குற்றஞ் சாட்டக்கூடாது என்று சாவ் பி உத்தரவு போட்டான். ஜியா சூ என்ற அந்தத் தளபதி உத்தியோகத்தில் இருந்தபடியே 223-ல் கிழவராய்ச் செத்தார்.